ஓடவும் கூடாது, சாகவும் கூடாது

ஆட்டிறைச்சி வந்த பெரிய அட்டைப் பெட்டி ஒன்றை வெட்டி விரித்து, அதில் கரித்துண்டால் ஒரு மானை வரைந்து, எங்கள் காணியில் தண்ணீர் தேங்கும் டாம் கரை மண்மேட்டில் சாத்தி வைத்திருந்தேன். புல்லில் உறைபனி இன்னும் கரையவில்லை. மூச்சு விட்டால் புகை வந்தது.

நிஸ்தார் மச்சான் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி வந்து நின்று என் மானைப் பார்த்தான்.

"இது மானா மச்சான்? கழுதைக்குக் கால் வீங்கின மாதிரி இரிக்கி."

"கழுதையோ குதிரையோ, முன்தோள் எங்க இரிக்கி எண்டு தெரியுதுதானே? அது போதும்."

அவன் சிரித்தான். என் தங்கச்சி போன பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

துவக்கைத் தோளில் வைத்துச் சுட்டேன். பன்னிரண்டு போர் அளவுத் துவக்கு, நல்ல உதை. சத்தம் மலைச்சரிவில் மோதித் திரும்பி வந்தது. வெடிமருந்து வாடை பனியில் கலைந்து போகாமல் எங்களைச் சுற்றியே நின்றது.

இருவரும் நடந்து போய்ப் பார்த்தோம். ஒரு தோட்டாவுக்குள் சன்னம் என்ற ஈயக் குண்டு பல இருக்கும். காதில் ஒரு சன்னம். பின்னங்காலில் ஒன்று. வயிற்றில் ஒன்று. மற்றவை எல்லாம் மண்ணுக்குள். முன்தோளில் ஓட்டையே இல்லை.

மச்சான் சின்ன விரலை வயிற்று ஓட்டைக்குள் விட்டபடி கொஞ்ச நேரம் நின்றான்.

"இது ஓடும். ஓடிப் போய் எங்கயாவது பத்தைக்குள்ள கிடந்து, நாளைக்கோ நாளண்டைக்கோ சாகும்" என்றான். சிரிப்பு போய்விட்டது.

நான் ஹரிஸ் பார்க்கில் இறைச்சிக் கடை திறந்த கதையைப் போன கிழமை இந்தப் பத்தியில் வாசித்த ஒருவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "கத்தி பிடிக்கிற ஆளுக்குத் துவக்கு எதுக்கு நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்தக் கிழமை முழுக்க அந்தக் கதைதான்.

ஃப்ரீசரைத் திறந்த வெள்ளிக்கிழமை

என் ஒரே தங்கச்சி றாவியா. நிஸ்தார் அவளைக் கட்டியவன். எனக்கும் அவனுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. கல்யாணத்துக்கு முன்னமே கூட்டாளிகள். அவன் சிட்னியில் அரசாங்க பஸ் ஓட்டினான். அமைதியான ஆள். பஸ் ஓட்டிய இத்தனை வருடத்தில் ஒருநாள் ஹோர்ன் அடித்ததில்லை என்று அவனோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். நான் அதற்கு நேர்மாறு. நான் நடந்து போனாலே சத்தம் கேட்கும்.

றாவியாவுக்கு ஒரு காலையில் தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தாள். போய்விட்டாள். வறட்சி முடிந்து மழை கொட்டத் தொடங்கிய வருடம் அது. அவளை அடக்கிய கப்றடியில் கால் புதையச் சேறு.

அதன்பிறகு மச்சான் குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக்குள் அடைந்துவிட்டான். வேலையை விட்டான். மகள் ஷிபானா மெல்போர்னில் குடும்பமாக இருந்தாள். வா என்று கூப்பிட்டும் போகவில்லை.

நான் சும்மா இருக்கிற ஆளா? ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்த கையோடு இறைச்சி கொண்டு போய்க் கொடுத்தேன். இளம் ஆட்டுக் கால், ஈரல், கொத்து ரொட்டிக்குச் சின்னதாக வெட்டியது. சும்மா இறைச்சி இல்லை. டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் கார் பிடித்து வந்து வரிசையில் நின்று வாங்கும் இறைச்சி. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் ஆட்டின் முதுகைத் தொட்டுப் பார்த்தே எத்தனை கிலோ இறைச்சி தேறும் என்று சொல்லுவேன். பிறகு தராசில் போட்டுப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் பலர்.

ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூச் செய்யப் போயிருந்தான். இறைச்சியை நானே வைத்துவிடலாம் என்று குசினிக்குள் போய் ஃப்ரீசரைத் திறந்தேன்.

என் கடைப் பொதிகள் அடியிலிருந்து மேல்வரை செங்கல் அடுக்கிய மாதிரி அடுக்கிக் கிடந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அடிப்பொதிகளின் மேல் பனி வெள்ளை மயிர் போல வளர்ந்திருந்தது.

எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, கோபம்.

"என்னடா மச்சான் இது? என்ட இறைச்சியில என்ன குறை?"

அவன் முகத்தைத் துவாயால் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றான். "குறை ஒண்டுமில்ல. எனக்கு இறங்குதில்ல."

"ஆடு இறங்காட்டி மாடு கொண்டு வாறன்."

"அதுவும் வேணாம்."

"கோழி?"

"மச்சான், நீ கொண்டு வா. நான் வைக்கிறன். இதுல என்ன வந்த உனக்கு?"

கழுத்து மெலிந்து சட்டைக் கொலருக்குள் தனியாக நின்றது. அதை நான் அதுவரை கவனிக்கவில்லை. எலும்பை வைத்தே பிழைக்கிறவன், என் கண்முன்னால் ஒரு மனிதன் எலும்பாகிக்கொண்டு போனதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

"மான் எண்டா?" என்றேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியாது. ஊரில் இளந்தாரிகளாக இருந்தபோது இரண்டு பேரும் மான் வேட்டைக்குப் போயிருக்கிறோம். அவன் நல்ல குறிகாரன். என்னைவிடக் கொஞ்சம் நல்லவன் என்றே சொல்லலாம். அதை நான் வேறு எவரையும் பற்றிச் சொல்லமாட்டேன்.

மச்சான் யோசித்தான். என்னை வீட்டை விட்டு அனுப்புவதற்காகவே சொன்னான் என்று நினைக்கிறேன்.

"மான் எண்டா வாறன். ஆனா அது காயத்தோட ஓடக் கூடாது. நீ கத்தியோட போய்ச் சேர முந்திச் சாகவும் கூடாது. அப்பிடி ஒரு வெடி இரிந்தாச் சொல்லு."

கயிறு வாங்கச் சொன்ன கெவின்

எங்கள் மார்க்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துவக்குச் சூட்டில் செத்த மிருகத்தை எங்கள் மத்ஹபில், நாங்கள் பின்பற்றும் மார்க்கச் சட்டத்தில், தின்பதில்லை. அது மையித்து, வெறும் பிணம். சுட்ட பிறகு அதில் உயிர் இருக்க வேண்டும். போய், பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால்தான் ஹலால். அதனால் உலகத்தில் எல்லா வேட்டைக்காரனும் மிருகம் சட்டென்று சாக வேண்டும் என்று விரும்புவான். நாங்கள் மட்டும் அது கொஞ்சம் இருக்க வேண்டும் என்று விரும்புவோம்.

இரண்டு பேரும் சேர்ந்து கோல்பர்ன் தாண்டி ஒரு காணி வாங்கி ஆடு விட்டிருந்தோம். மழை வந்த பிறகு புல் இடுப்பளவு. புல்லுக்கு மான் வந்தது. வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் கப்பலில் கொண்டுவந்து விட்ட இனம் அது. வேலியை மிதித்தது, ஆட்டுக்கு வைத்த வைக்கோலைத் தின்றது. இரண்டு பேருக்கும் துவக்கு லைசன்ஸ் இருந்தது. சொந்தக் காணி. ஆக, இடம் இருந்தது, மான் இருந்தது. வெடி மட்டும்தான் இல்லை.

கெவின் என்று ஒரு துவக்குக் கடைக்காரன். தாடி மஞ்சளாகும் வரை புகைத்தவன். அவனிடம் போய் என் உடைந்த இங்கிலீஷில் கேட்டேன்.

"அது விழ வேண்டும். ஆனால் சாகக் கூடாது."

கெவின் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அப்படியென்றால் உனக்கு வேண்டியது தோட்டா இல்லை மேட். கயிறு."

கடையில் நின்ற இன்னொருவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, கத்தியை, அறுப்பை, ஹலாலை எல்லாம் விளங்கப்படுத்தினேன். கெவின் சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ரைஃபிள் சரிவராது. நெஞ்சில் பட்டால் நீ போய்ச் சேர முன்னம் முடிந்துவிடும். ஷொட்கன்தான். ஆனால் ஒன்று கேட்டுக்கொள். பாதி கொல்லலாம் என்று மட்டும் நினைக்காதே. பாதி கொல்ல நினைத்தவன் சுட்டது எல்லாம் ஓடியிருக்கிறது. நெருங்கிப் போ. எல்லாச் சன்னத்தையும் ஒரே இடத்தில் போடு. முன்தோள் எலும்பும் கழுத்தடியும் சேரும் இடத்தை உடை. நெஞ்சுக்குப் பின்னால் ஒன்றும் போகக் கூடாது. உன் சொந்தக் காணி என்பதால் இதைச் சொல்கிறேன். அரசாங்கக் காட்டில் மானுக்கு இந்தத் தோட்டா கொண்டு போகாதே."

பிறகு ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தான். உள்ளே விரல் நீளத்தில் உருக்குக் குழாய்த் துண்டுகள். துவக்குக் குழலின் வாயில் திருகிப் பூட்டுவது. சோக் என்பார்கள். ஒவ்வொன்றும் வாயை ஒவ்வொரு அளவுக்கு ஒடுக்கும். ஒன்று ஒடுக்கவே ஒடுக்காது. ஒன்று நடுத்தரம், மொடிஃபைட். ஒன்று முழு ஒடுக்கம், ஃபுல்.

"எது நல்லது?" என்றேன்.

"உன் துவக்கைக் கேள்" என்றான்.

பள்ளி வாசல் கணக்கு

நான் எதிலும் உச்சத்தையே வாங்குகிறவன். ஃபுல் என்று ஒன்று இருக்கும்போது நடுத்தரம் எதற்கு? ஃபுல்லைத்தான் பூட்டினேன். அதோடு பெரிய சன்னம், எஸ்.ஜி. ஊரிலும் எஸ்.ஜி. என்றுதான் சொல்வோம். அந்தப் பெயரை இங்கே கேட்டதும் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி இருந்தது.

அந்த வெடிதான் அட்டை மானின் காதிலும் காலிலும் வயிற்றிலும் போனது.

மச்சான் அந்த வயிற்று ஓட்டையைப் பார்த்து நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. இளமையில் அவன் ஒரு கட்டுத்துவக்கில் மாட்டியவன். பன்றிக்காகப் பாதையில் கம்பி கட்டி, கம்பியில் கால் பட்டால் வெடிக்கும்படி எவனோ வைத்த துவக்கு. கெண்டைக்காலைப் பிய்த்துக்கொண்டு போனது. மாலை அசர் தொழுகை நேரம்வரை பற்றைக்குள் கிடந்தான். எடுக்க முடியாத சன்னம் இரண்டு இன்னும் உள்ளே. சிட்னிக் குளிர் தொடங்கினால் பிரேக் மிதிக்கும் அந்தக் கால் கல்லாகிவிடும். அவன் முறைப்பாடு சொல்வதில்லை. ஷிபானாதான் ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

அன்று டாம் கரையில் நான் ஃபுல்லையே பிடித்துக்கொண்டு நின்றேன். "துவக்குல பிழையில்ல. தோட்டாலதான் பிழை."

"மச்சான்," என்றான் அவன், "ஜும்ஆ முடிஞ்சு சனம் வெளிய வாறதப் பாத்திரிக்கியா?"

"அதுக்கென்ன?"

"பெரிய கதவத் திறந்து விட்டா எல்லாரும் அவனவன் பாட்டுக்குப் பரந்து போவான். அரைக் கதவு எண்டா வரிசையா நெருங்கிப் போவான். ஒரு ஆள் போற அளவுக்குத்தான் திறந்தா? இடிபடுவான், தள்ளுவான், வெளிய வந்து ஒவ்வொருத்தன் ஒவ்வொரு பக்கம் விழுவான். உன்ட சன்னம் பெரிசு. உன்ட கதவு சின்னன்."

நான் ஃபுல்லைக் கழற்றி மொடிஃபைட்டைப் பூட்டினேன். அவன் சொன்னது எனக்கும் கொஞ்சம் முன்னமே தோன்றியிருந்தது. அதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அதன்பிறகு மச்சான் தானாகவே காரில் ஏறி வரத் தொடங்கினான். அட்டையை அவனே வெட்டுவான். மானை அவனே வரைவான். அவன் வரைந்ததும் மான் மாதிரி இருக்கவில்லை, ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு கம்பனித் தோட்டாவையும் சுட்டுப் பார்த்தோம். சில தோட்டாவில் சன்னங்களுக்கு நடுவே வெள்ளைத் தூள் நிரப்பியிருந்தது. சன்னம் ஒன்றோடொன்று முட்டி நசுங்காமல் இருக்க. அதுதான் எங்கள் துவக்குக்குப் பிடித்தது. தூரமும் முக்கியம். என் கடை வாசலிலிருந்து எதிர்ப்பக்கத்து இனிப்புக் கடை வாசல் எவ்வளவோ அவ்வளவு. அதற்கு மேல் ஒரு வீட்டு முற்றம் கூடினாலும் சன்னம் விலகத் தொடங்கிவிடும்.

ஒரு காலை. மழை தூறிக்கொண்டிருந்தது. மச்சான் சுட்டான். போய்ப் பார்த்தோம். முன்தோளும் கழுத்தடியும் சேரும் இடத்தில், சோற்றுக் கோப்பையால் மூடிவிடலாம் போல, எல்லா ஓட்டையும் ஒரே கும்பலாக இருந்தது. வயிற்றில் ஒன்றுமில்லை. பின்னால் ஒன்றுமில்லை.

"பாத்தியா!" என்று கத்தினேன். "ஆரும் செய்யாததச் செய்திரிக்கம் மச்சான்!"

மச்சான் அட்டையை மடித்துக் காருக்குள் வைத்தான். பிளாஸ்கில் இருந்த பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீயை ஊற்றி எனக்கும் தந்து, என் மனைவி கட்டித் தந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தின்றான். அவன் தின்றதைப் பார்த்து எனக்கு வயிறு நிறைந்தது. இவனை நான் மீட்டுவிட்டேன் என்று அந்த மழைக்குள் நின்று நினைத்தேன்.

மான் வந்த பின்னேரம்

வேலியோரம் வாட்டில் மரம் மஞ்சளாகப் பூத்திருந்த நாட்கள். வைக்கோல் உருளைக்குப் பின்னால் நானும் மச்சானும் குந்தியிருந்தோம். துவக்கு அவனிடம். கத்தி என்னிடம். வெயில் சரிந்து டாம் தண்ணீர் செம்பு நிறமாகிக் கொண்டிருந்தது.

"நீ இஞ்சயே நில்லு," என்று குசுகுசுத்தேன். "சுட்டதும் நான் ஓடுறன். நீ வராத. உன்ட காலுக்கு ஏலாது."

"இந்த வயித்தத் தூக்கிக் கொண்டு நீ ஓடுறியா?"

"வாய மூடுடா."

மூன்று பெண் மான்கள் வந்தன. சத்தமே இல்லை. பார்க்காதபோது இல்லாமல் இருந்தன, பார்த்தபோது நின்றன. முன்னால் வந்தது குனிந்து தண்ணீர் குடித்தது. குடித்துவிட்டுத் தலையைத் தூக்கி, பக்கவாட்டில் திரும்பி, நாங்கள் அட்டையில் வரைந்த மாதிரியே நின்றது.

மச்சான் சுட்டான்.

மற்ற இரண்டும் வேலி தாண்டிவிட்டன. அது விழுந்தது. அப்படியே முன்னங்கால் இரண்டும் மடிந்து நின்ற இடத்திலேயே விழுந்தது. ஓர் அடி நகரவில்லை. நான் ஓடினேன். நெஞ்சு வெடிக்கும் போல ஓடினேன்.

உயிர் இருந்தது.

சத்தம் போடவில்லை. எழும்பப் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது. விலா ஏறி இறங்கியது. அவ்வளவுதான். நாங்கள் கேட்டது எதுவோ அது அப்படியே என் காலடியில் கிடந்தது. தலையைப் பிடித்து மேற்கே, தொழும் திசையான கிப்லாப் பக்கம் திருப்பினேன்.

"கொஞ்சம் நில்லு!"

மச்சான் நொண்டிக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தான். துவக்கைத் திறந்து கையில் மடக்கிப் பிடித்திருந்தான்.

"நில்லு மச்சான்! கொஞ்சம் நில்லு!"

நிற்கிற நேரமா அது? பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்று ஒரே இழுவையில் அறுத்தேன். என் கத்தியில் இரண்டாவது இழுவை கிடையாது. இரத்தம் புல்லில் ஆவி பறக்க ஓடியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது.

மச்சான் வந்து மானுக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தான்.

"என்னத்துக்கு நில்லு எண்ட நீ? செத்திரிந்தா எல்லாம் வீணாப் போயிரிக்கும்."

அவன் மானின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தோலுரிக்கும்போது கேட்டது

கேட் கம்பத்தில் மானைத் தொங்கவிட்டுத் தோலுரிக்கத் தொடங்கினேன். வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும். உரித்த இடத்திலிருந்து சூடு கைக்கு ஏறியது. அந்தக் குளிரில் அது சுகமாகக்கூட இருந்தது. முன்தோளைத் திறந்து பார்த்தேன். அட்டையில் விழுந்த மாதிரியே சன்னம் எல்லாம் ஒரே கும்பல். வயிறு சுத்தம். "பாத்தியா, பாத்தியா" என்று சொல்லிக்கொண்டே உரித்தேன்.

மச்சான் எனக்குப் பின்னால் நின்று பேசினான்.

"றாவியாவும் இப்பிடித்தான் கிடந்தாள்."

நான் திரும்பவில்லை.

"எழும்பவும் இல்ல, சாகவும் இல்ல. கண்ணக்கூட முழுசா மூடல்ல. மெஷின்தான் மூச்சு விட்ட. நெஞ்சு மேல போகும், கீழ வரும். டொக்டர் என்னத் தனியக் கூப்பிட்டுச் சொன்னார், இனி அவள் வர மாட்டாள் எண்டு. மெஷின நிப்பாட்டவா எண்டு கேட்டார். நான் ஓம் எண்டன்."

காகமோ வேறு ஏதோ பறவையோ வேலியில் வந்து உட்கார்ந்து இறைச்சியைப் பார்த்தது.

"தானாப் போயிட்டாள் எண்டு சொன்ன நீ" என்றேன்.

"ஓம்."

"எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்ன நீ. ஷிபானாவுக்கும்."

"ஓம். நான் பொய்தான் சொன்ன."

"நான் அவள்ட காக்கா, கூடப்பிறந்த அண்ணன். என்னக் கேட்டிரிந்தா?"

"கேக்க நேரம் இரிந்த மச்சான். நான்தான் கேக்கல்ல. நீ விடமாட்டாய். என்ட தங்கச்சி எழும்புவாள், எந்த டொக்டருக்கு என்ன தெரியும் எண்டு ஆஸ்பத்திரியே அதிரக் கத்துவாய். நீ கத்தினா எனக்கு ஓம் எண்டு சொல்ல வாய் வராது. அவள் அப்பிடியே கிடப்பாள்."

கத்தி என் கையில் நின்றுவிட்டது. அவன் சொன்னது சரி. நான் கத்தியிருப்பேன். விட்டிருக்கமாட்டேன். இந்த நாட்டுக்கு ஒரு பையோடு வந்து கடை கட்டி, காணி வாங்கி, நினைத்ததை எல்லாம் நடத்திக் காட்டியவன் நான். என் தங்கச்சி ஒருத்தியை எழுப்ப மாட்டேனா என்றுதான் நின்றிருப்பேன்.

ஆனால் அன்று அந்த இடத்தில் எனக்கு வந்தது இந்த ஞானம் இல்லை. கோபம்தான். என் தங்கச்சியின் கடைசி மூச்சை என்னைக் கேட்காமல் ஒருவன் முடிவு செய்திருக்கிறான். அவன் என் கூட்டாளி. அதை என்னிடம் மறைத்துக்கொண்டு, வெள்ளிக்கு வெள்ளி என் இறைச்சியை வாங்கி அடுக்கிக்கொண்டு இருந்திருக்கிறான்.

"நான் செய்தது சரியா மச்சான்?" என்று கேட்டான். "ஆரிட்டயும் கேக்கல்ல நான். மௌலவிட்டயும் கேக்கல்ல. பயம். உன்ட்டதான் கேக்கிறன்."

வாயைத் திறந்தால் ஏதாவது கொட்டிவிடும். பாதி உரித்த மானை விட்டுவிடவும் முடியாது. பழுதாகிவிடும். நான் திரும்பி நின்று உரித்தேன். பதில் சொல்லாமல் கடைசிவரை உரித்து முடித்தேன். அவன் பின்னாலேயே நின்று எனக்கு டோர்ச் வெளிச்சம் பிடித்தான்.

கதவடியில்

திரும்பும் வழி முழுக்க நெடுஞ்சாலையில் லொறிகளின் வெளிச்சம்தான் எங்களுக்குள் பேசியது. குவேக்கர்ஸ் ஹில்லில் அவன் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி, பின்னங்கால் ஒன்றைத் துணியில் சுற்றி நீட்டினேன்.

"வேணாம் மச்சான். கொண்டு போ."

"ஹலால்தானே? உயிரோட அறுத்த. நீயே பாத்த நீ."

"ஹலால்தான். அதுல ஒரு குறையும் இல்ல." கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றான். "போயிட்டு வா."

கதவைச் சத்தமில்லாமல் மூடினான். அறைந்து மூடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நல்லாக இருந்திருக்கும்.

மான் இறைச்சியைச் சொந்தக்காரர்களுக்குப் பங்கிட்டேன். மிளகு போட்டு வறுத்தவர்கள் இப்படி ஒரு ருசி இந்த நாட்டில் கண்டதில்லை என்றார்கள். எப்படிச் சுட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கு மொடிஃபைட் சோக்கையும் வெள்ளைத் தூள் தோட்டாவையும் பற்றி வாய் வலிக்கச் சொன்னேன். இன்றைக்கும் எவர் கேட்டாலும் சொல்வேன். அந்த விஷயத்தில் நாங்கள் கண்டுபிடித்தது பிழையே இல்லை.

என் வீட்டில் அந்தக் கறியை என் மனைவி கோப்பையில் வைத்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

பிறகு வந்த வெள்ளிகளில் நான் அவனிடம் போகவில்லை. கடையில் வேலை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மச்சான் துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டான், லைசன்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டேன். ஷிபானா போன் எடுத்தாள். "மாமா, டாட் இஸ் நொட் ஈட்டிங் அகெய்ன். டிட் சம்திங் ஹெப்பன்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை மகள் என்றேன். அவளுக்குத் தெரியாத ஒன்றை இப்போது நானும் சேர்ந்து மறைக்கத் தொடங்கியிருந்தேன். மச்சான் தனியாக என்னத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தான் என்று அந்தப் போனை வைத்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

இப்போது ஷிபானாவுக்கும் எல்லாம் தெரியும். மச்சானே சொன்னான். சொல்லிக் கொஞ்ச காலம் அவள் அவனோடு பேசவில்லை, பிறகு பேசினாள். இல்லாவிட்டால் நான் இதை இங்கே எழுதுவேனா? எழுது என்று சொன்னவனும் அவன்தான்.

ஒரு காலை, வெள்ளிக்கிழமைகூட இல்லை, நல்ல மழை. கடை திறக்கப் போகும் வழியில் காரைத் திருப்பிக்கொண்டு குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போனேன். கையில் ஒரு பொதியும் இல்லை. யார் வீட்டுக்கும் நான் அப்படிப் போனதில்லை.

மச்சான் கதவைத் திறந்தான். என் இரண்டு கையையும் பார்த்தான்.

"ஒண்டும் கொண்டு வரல்லியா?"

"இல்ல."

"வா."

எதிரெதிரே கதிரையில் உட்கார்ந்தோம். வழியெல்லாம் ஒரு பதிலைச் சேர்த்து வைத்திருந்தேன். சரி என்று சொல்வதா, பிழை என்று சொல்வதா, மௌலவியிடம் இரண்டு பேரும் சேர்ந்து போவோம் என்பதா. அவன் முகத்தைப் பார்த்ததும் அதை எல்லாம் விட்டுவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் அவன் நின்ற இடத்தில் நான் நின்றதில்லை.

"சொல்லு," என்றேன். "அண்டைக்கு என்ன நடந்த? அவள் விழுந்த நேரத்தில இரிந்து சொல்லு. ஒண்டும் விடாத."

அவன் அந்தக் காலையில் அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டபடி தலையைப் பிடித்துக்கொண்டு நின்றதிலிருந்து தொடங்கினான். கடையிலிருந்து போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நான் எடுக்கவில்லை. இடையில் ஒரு சொல் பேசவில்லை. அவன் சொல்லிக்கொண்டே மெஷினை நிறுத்திய இடத்துக்கு வந்தபோது, இந்தத் தடவை அவனுக்குப் பக்கத்தில் நானும் நின்றேன்.